எங்கள் குடியின் பேரில் எறிந்த பந்து

பேஸ்போல் விளையாட்டில் ஒருத்தி மட்டும் முழு நேரமும் குந்திக்கொண்டே இருக்க வேண்டும். அடிக்கிறவளுக்குப் பின்னால், எறிகிறவளைப் பார்த்தபடி, முகத்துக்குக் கம்பிக்கூடும் கைக்குத் தடித்த கிளவுஸும் போட்டுக்கொண்டு, வருகிற பந்தைப் பிடிக்கிறவள். கெச்சர் என்பார்கள். எங்கள் ஊர்க் கழகத்தின் பெண்கள் அணியில் அந்த இடம் என்னுடையது. பள்ளிக்கூட நாளில் தொடங்கியது. கலியாணமாகி, மகள் பிறந்து, அந்த மகளும் அதே அணியில் விளையாட வந்த பிறகும் என்னுடையதுதான். நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அந்த இடத்தை வேறு எவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் கேட்கவில்லை என்று சொல்வதானால் எங்கள் நிர்வாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் பற்றி வாயைத் திறந்தாலே எனக்கு இரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பழுகாமத்துக்குக் கிட்ட இருக்கிறது. நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெளிநாட்டு டீச்சர் வந்து, பெண்பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைப் பழக்கி, போகும்போது மட்டைகளையும் கிளவுஸ்களையும் எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். சாமான் இருந்தது, விளையாட இடம் இல்லை. ஊரில் பெரிய வெளி என்றால் கோயில் வளவு. கோயில் வளவுக்குப் பொறுப்பு வண்ணக்கர்மார். அப்படித்தான் கழகமும் அவர்கள் கைக்குப் போனது. தலைமை வண்ணக்கர் என் அம்மாவின் தம்பி, என் மாமா. கழகத் தலைவரும் அவரே. அவர் வாழ்நாளில் ஒரு பந்தைக் கையில் பிடித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் கோயிலில் ஏழு குடி. எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழி வருகிற வம்சம். அம்மாவின் குடி என் குடி, என் குடி என் மகளின் குடி. திருவிழாவில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள். பூசை முடிந்ததும் குடியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துக் காளாஞ்சி கொடுப்பார்கள். யாரை முதலில் கூப்பிடுவது, யாரை அடுத்துக் கூப்பிடுவது என்பதில் கொஞ்சம் பிசகினாலும் ஊர் இரண்டுபடும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாமிக்கு எல்லாக் குடியும் ஒன்று, முறை வைத்துச் செய்தால் சண்டை வராது. ஆனால் இந்த முறையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பேஸ்போலுக்குள் வைத்தார்களே, அங்கேதான் எனக்கு விசர் பிடித்தது.

பந்து எறிகிறவள் மைதானத்தின் நடுவில், மேடான இடத்தில் நிற்கிறாள். எல்லாரும் அவளையே பார்க்கிறார்கள். ஆகவே அது முதல் மரியாதை. ஆகவே அது ஒரு குடிக்கு மட்டும் போகக் கூடாது. இது மாமாவின் தீர்ப்பு. முதல் மட்ச் ஒரு குடிக்காரி எறிவாள், அடுத்த மட்ச் அடுத்த குடிக்காரி. எறிகிறவள் மாறினால் மற்ற இடங்களும் மாறும், ஏனென்றால் அவற்றுக்கும் முறை இருக்கிறது. அடித்தவள் ஓடித் தொட வேண்டிய மூலைகளைப் பேஸ் என்பார்கள், இன்றைக்கு முதலாம் பேஸில் நின்றவள் நாளைக்கு வெளியே வேலியோரம் நிற்பாள். ஒருத்தி ஓர் இடத்தைப் பழகி, கைக்கு அது பிடிபடத் தொடங்கும்போது, "உன்ட முறை முடிஞ்சுது புள்ள" என்று தள்ளிவிடுவார்கள். அவளுக்கு முறை திரும்பி வருவதற்குள் அவள் கலியாணம் கட்டிப் பிள்ளையும் பெற்றுவிடுவாள்.

கெச்சர் மட்டும் மாறுவதில்லை. ஒருத்திக்கு முன்னால் குந்திக்கொண்டிருக்கிற வேலை எந்தக் குடிக்கும் மரியாதை இல்லை. அதனால் அதற்கு முறை கேட்டு ஒருவரும் வரவில்லை. எனக்கென்று விட்டுவிட்டார்கள். அந்தப் புண்ணியத்தில் எங்கள் அணியில் தன் வேலையை உருப்படியாகப் பழகிய ஒரே ஒருத்தி நான்தான். சிரிப்பதா அழுவதா?

பயிற்சி என்று ஒன்று இருந்தது. மாமாவும் இன்னும் நாலு பேரும் வேப்பமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரை போட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்திருப்பார்கள். அதுதான் பயிற்சி. புதுப் பந்துகள் குத்துவிளக்குகளோடு கோயில் அறையில் பூட்டிக் கிடக்கும், சாவி மாமாவின் மடியில். நாங்கள் தையல் விட்ட பழைய பந்தை எறிந்துகொண்டிருப்போம். கேட்டால், "புதுசப் பழுதாக்கவா? மட்ச்சுக்கு எடுப்பம்" என்பார். மட்ச்சுக்கு எடுத்துப் பார்த்தால் மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கும்.

"புடிக்காட்டி விட்டுப்போட்டு வீட்ட இரியன், ஆர் உன்னக் கூப்பிட்ட?" என்று என் கணவர் பல தரம் கேட்டிருக்கிறார். அவர் கல்லடிக்காரர். எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான், வீடு பெண்ணுக்குச் சீதனம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். வீடு உன்னுடையது, வளவு உன்னுடையது, கிணறு உன்னுடையது என்பார்கள். அந்த வீட்டோடு வாசல் தெருவான ஒழுங்கையும் கோயிலும் மாமாவும் சேர்ந்து வருவதை ஒருவரும் சொல்வதில்லை. என்னோடு சண்டை பிடித்தால் அவர் ஓட்டோவை எடுத்துக்கொண்டு கல்லடிக்குப் போய், தாயின் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டு, கடற்காற்று வாங்கிக்கொண்டு வருவார். நான் எங்கே போவது? என் குசினி யன்னலைத் திறந்தால் மைதானம். அந்த வேப்பமரம். அந்தக் கதிரைகள். வீட்டிலே இருந்தாலும் அதையேதான் பார்க்க வேண்டும். அதற்குப் பதிலாகக் குந்தியிருந்தாவது பார்க்கலாம் என்று போய்க்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அவள் வந்தாள்.

எங்கள் ஒழுங்கையின் கடைசியில் ஒரு வாடகை வீட்டுக்குக் கிரான் என்ற ஊரிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. தகப்பனுக்கு எங்கள் ஊர் நெல்லு மில்லில் வேலை. மகள் படிப்பை முடித்துவிட்டுத் தையல் கடையொன்றுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஒரு மட்ச்சுக்கு ஆள் குறைந்தபோது, ஒழுங்கையால் போனவளைக் கூப்பிட்டு வேலியோரம் நிற்க வைத்தார்கள். "பந்து அங்க வராது, சும்மா நில்லு" என்று சொல்லித்தான் விட்டார்கள்.

அன்றைக்குப் பந்து அங்கே போனது. அவள் எடுத்து எறிந்தாள். அது நடுவில் எங்கும் நிலத்தில் படாமல், ஒருவரும் மறித்துத் தராமல், நேரே வந்து என் கிளவுஸுக்குள் விழுந்தது. உள்ளங்கை எரிந்தது. நான் முகக்கூட்டைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் ஏதோ பிழை செய்துவிட்டவள் மாதிரி முழித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க புள்ள இதப் பழகின?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்லக்கா. சின்னனில அப்பாட வட்டைக்குள்ள நெல்லுக்கு வாற குருவி கலைக்கிறது. மண்ணாங்கட்டியால எறிஞ்சு எறிஞ்சு..." என்று சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு தினமும் விடிய, அவள் தையல் கடைக்குப் போக முன், என் வளவில் அவள் எறிவாள், நான் பிடிப்பேன். நான் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கிளவுஸை இங்கே வைப்பேன், அங்கே வைப்பேன், அவ்வளவுதான். வைத்த இடத்துக்குப் பந்து வரும். இத்தனை காலம் நிலத்தில் உருள்கிற பந்தையும் தலைக்கு மேலால் பறக்கிற பந்தையும் துரத்தித் துரத்திப் பிடித்தவளுக்கு அது என்ன சுகம் என்று எப்படிச் சொல்வது? கை வீங்கிப்போய் அரிசி களைய முடியாமல் இருந்த நாட்களிலும் எனக்குச் சந்தோசம்தான். "மனிசிக்குப் பேய் புடிச்சிட்டுது" என்று கணவர் பகிடி பண்ணினார்.

மாமாவிடம் போனேன். "மாமா, அந்தப் புள்ளய எறிய விட்டுப் பாருங்க" என்றேன்.

"எந்தப் புள்ள?"

"கிரான்காரர்ட மகள்."

"அது நம்மட கோயில்ல எந்தக் குடி?"

"நம்மட கோயில்ல இல்லத்தான். ஆனா..."

"இல்லயெண்டா முறையும் இல்லத்தானே. ஆள் குறைஞ்சா நிக்கட்டும், நான் வேணாமெண்டு சொல்லயில்லயே."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என் கரைச்சலே. கெட்டவராக இருந்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்திருப்பேன். என் அப்பா செத்தபோது கூடநின்று எல்லாம் பார்த்தவர். என் மகளுக்குக் காது குத்தியது அவருடைய மடியில் வைத்துத்தான். அவரிடம் சண்டை பிடிப்பது தலையணையைக் குத்துவது மாதிரி, கைதான் களைக்கும்.

அந்த வருடம் எங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரு அணி வராமல் விட்டது, ஒரு மட்ச் மழையில் போனது, என்னவோ செய்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். கல்லடிப் பக்கத்து அணி ஒன்றோடு கல்லடியில் ஆட்டம். அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. வெல்கிற அணியின் எறிகாரியை இரண்டு மாதப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்களாம், அங்கே தேறினால் ஒரு கொம்பனியின் அணியில் வேலையோடு சேர்த்துக்கொள்வார்களாம். கேட்டதும் எனக்குக் கிரான்காரர் மகளின் நினைவுதான் வந்தது. அந்தத் தையல் கடைக்குள் குனிந்த தலை நிமிராமல் இருக்கிறவளுக்கு இப்படி ஒரு கதவு இனி எப்போது திறக்கும்? ஒருக்காலும் திறக்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும். எனக்குத் திறக்கவில்லையே.

முறை பார்த்தால் இறுதி ஆட்டம் எங்கள் குடிக்கு. எங்கள் குடியில் எறிகிற வயதில் ஒருத்திதான். என் மகள்.

பெற்ற மகள் என்பதற்காகப் பொய் சொல்ல முடியாது. ஓடிப் பிடிப்பதில் அவளை வெல்ல ஆள் இல்லை. எறியச் சொன்னால் பந்து கோயில் மடைப்பள்ளிக்குப் போகும். அவளுக்கே அது தெரியும். "அம்மா, நான் எறிஞ்சா ஐயர் மேல படும்" என்று விழுந்து விழுந்து சிரிப்பாள்.

திரும்பவும் மாமாவிடம் போனேன். இந்த முறை கெஞ்சினேன். "நம்மட முறைதானே மாமா? நம்மட முறைய நாம விட்டுக்குடுப்பம், அவள் எறியட்டும்" என்றேன்.

விட்டுக்கொடுப்பது என்ற சொல்லைக் கேட்டதும் அவருடைய முகம் மாறியது. பிறகு சொன்னார். "விட்டுக்குடுக்க ஏலா. ஆனா ஒண்டு செய்யலாம். செத்தவீட்டுத் துடக்கால நாம கோயிலுக்குள்ள போக ஏலாட்டி மத்த ஆக்கள் நம்மட பேரில திருவிழாவச் செய்து தாறல்லயா? அப்படி நம்மட பேரில அவள் எறியட்டும். முதல் ஆளுக்கு நம்மட புள்ள எறியோணும். மறுகா அவளிட்டக் குடுக்கலாம். சம்மதமா?"

"ஓம் மாமா, ஓம்!" என்றேன். அவருடைய காலில் விழாத குறை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்து, "இவ்வளவு லேசில ஓமெண்டாரா?" என்று கேட்டார். "உங்களுக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்று நான் எரிந்து விழுந்தேன்.

கல்லடியில் அன்றைக்குக் காற்று கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. என் மகள் முதல் ஆளுக்கு எறிந்தாள். எறிந்த பந்து ஒன்றும் சரியாக வரவில்லை, அடிக்க நின்ற பெண் சட்டப்படி அடிக்காமலே முதலாம் பேஸுக்கு நடந்து போனாள். மகள் என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு பந்தை நீட்டினாள். வேலியோரம் நின்ற கிரான் பெண் நடுவுக்கு வந்தாள், மகள் வேலியோரம் ஓடினாள்.

அதன் பிறகு நடந்ததைப் பற்றி நான் கன நேரம் பேசுவேன், வீட்டில் எல்லாருக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லடிக்காரிகள் மட்டையைச் சுழற்றினார்கள், பந்து என் கையில் இருந்தது. காற்றை மறித்து எறியத் தெரிந்தவள் அவள், வட்டைக்குள் காற்றுக்கு நின்று எறிந்த கை அல்லவா. நான் கிளவுஸை நிலத்தோடு வைத்தால் நிலத்தோடு வந்தது, தோளுக்கு நேரே வைத்தால் தோளுக்கு நேரே வந்தது. கடைசியில் அவர்களில் ஒருத்தி மூன்றாம் பேஸ் வரை ஓடிவந்து நின்றாள். அவள் என்னிடம் ஓடி வந்துவிட்டால் ஆட்டம் சமன். கடைசிப் பந்தை எங்கள் எறிகாரி மெதுவாக எறிந்தாள், பாவி. வேகமாக வரும் என்று அடிக்கிறவள் முந்திச் சுழற்றிவிட்டாள். பந்து பிறகு ஆறுதலாக என் கைக்கு வந்து சேர்ந்தது, வென்றுவிட்டோம். நான் முகக்கூட்டை எறிந்துவிட்டு ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். என்னுடைய இடுப்பு அன்றைக்குப் போனதுதான், இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை.

நான் காலில் கட்டியிருந்த காப்புப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மைக்கில் அறிவித்தார்கள். கொழும்புப் பயிற்சிக்குப் போகும் எறிகாரியின் பெயரைக் கழகத் தலைவர் தருவார். மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய், மைக்கைப் பிடித்து, என் மகளின் பெயரைச் சொன்னார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிழையாகச் சொல்லிவிட்டார், வயது போன மனிசன் தடுமாறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் நின்ற கிரான் பெண் என்னைப் பார்த்தாள். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சாவகாசமாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார், எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்கிற மாதிரி.

அடுத்த நாள் பின்னேரம் கோயில் மண்டபத்தில் நிர்வாகம் கூடியது. நான் அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மகளும் வந்தாள். பெண்கள் அந்தக் கூட்டத்தில் பேசுவதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"மாமா, எறிஞ்ச ஆள் இவள். ஊரே பாத்தது."

"ஓம் புள்ள, நானும் பாத்தன். அருமையா எறிஞ்சாள். ஆர்ட பேரில எறிஞ்சாள்?"

"நம்மட பேரில" என்றேன்.

அவர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "நமக்குத் துடக்கு வந்த நேரம் மத்தக் குடியாக்கள் நம்மட திருவிழாவச் செய்தாங்க. சோறாக்கினது அவங்க, சோடிச்சது அவங்க. துடக்குக் கழிஞ்சு காளாஞ்சிய ஆர் வாங்கின? நான். அவங்க எங்களுக்குத் தாங்கெண்டு கேட்டாங்களா? இல்லயே."

எல்லாத் தலையும் ஆடியது. ஆடாமல் என்ன செய்யும்? அவர்களுடைய கணக்கில் அது முழுக்கச் சரி. நானும் அந்தக் கணக்கில் பிறந்து வளர்ந்தவள்தானே, எனக்கும் அதில் ஒரு ஓட்டை தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"அப்ப இவள நம்மட குடியில எடுங்க!" என்று கத்தினேன். "நான் எடுக்கிறன். இவள் என்ட மகள் எண்டு சபையில சொல்றன். இப்ப சரியா?"

மாமா சிரித்தார். "வாயால சொன்னா மகளாகிப் போகுமா? மகளெண்டா சீதனம் இரிக்கு. உன்ட வளவில பங்கு குடுப்பியா?"

"குடுக்கிறன். கிணத்தடிப் பக்கம் பாதி."

மண்டபம் சத்தம் போட்டது. "மனிசிக்கு விசரா?" என்று ஒருவர் கேட்டது எனக்குக் கேட்டது. பின்னாலிருந்து என் மகளின் குரல் வந்தது. "முழுக்கக் குடுங்கம்மா. எனக்கு வேணா." சிலர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. மடியைத் தடவினார், சாவியைத் தேடுகிற மாதிரி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"அக்கா" என்றாள் அவள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் அழவில்லை. ஆனால் முகம் நான் இதுவரை பார்த்த முகமாக இருக்கவில்லை.

"எனக்கு அம்மா இரிக்கிறா அக்கா. கிரான்ல எங்களுக்கும் கோயில் இரிக்கு, குடி இரிக்கு. ஒரு பந்து எறியிறத்துக்கு நான் என்னத்துக்கு அம்மாவ மாத்தோணும்?" பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னாள். "நான் என்ட கையாலதான் எறிஞ்சன் ஐயா."

வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் தூக்கிக் கொடுத்ததை அவள் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அதைவிட மோசம், நான் கொடுத்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுடைய தாய் அந்த நேரம் ஒழுங்கைக் கடைசியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டு அவித்துக்கொண்டிருந்திருப்பாள். வெட்கமாக இருந்தது. மாமா கதிரையை விட்டு எழும்பி, "சரி, முடிஞ்சுது" என்றார்.

முடியவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம், "நீ போகக் கூடா" என்றேன்.

அவள் குசினி யன்னலில் சாய்ந்து நின்றாள். "நான் போகாட்டி அவளையா கூப்பிடப் போறாங்க?" என்று கேட்டாள்.

கணவர் ஏற்கனவே ஆட்களைப் பிடித்துக் கேட்டுவிட்டார். கழகத் தலைவர் சொன்ன பெயர்தான் பெயர், அந்தப் பெண் வராவிட்டால் தோற்ற அணியின் எறிகாரியைக் கூப்பிடுவார்களாம்.

"எறிய வராதெண்டு உனக்குத் தெரியும்தானே?" என்றேன்.

"தெரியும்மா. துரத்தினாத் துரத்தட்டும்." யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். "இந்த வீடு எனக்குத்தானே வரப்போகுது? அப்ப நான் செத்தாலும் இஞ்சதானே? இந்த மரத்தப் பாக்காம ரெண்டு மாசம் இரிந்துபோட்டு வாறன். விடுங்கம்மா."

அவளுக்கு ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. என்ன சொல்வது? அந்த வயதில் எனக்கு ஒருவர் மைக்கில் பெயர் சொல்லியிருந்தால் நானும் யாருடைய இடம் என்று கேட்காமல் பஸ் ஏறியிருப்பேன். பை தைத்துக் கொடுத்தேன், ஒடியலும் முறுக்கும் கட்டிக் கொடுத்தேன். மாமா வந்து நெற்றியில் விபூதி பூசி அனுப்பினார்.

கொழும்பில் எறியச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்களாம். ஆனால் அவள் ஓடிப் பிடிப்பதைக் கண்டு, வேலியோரத்தில் நிற்க வைத்துப் பழக்குகிறார்களாம். ஓரிடத்திலேயே நின்று பழகுகிறாளாம், மாற்றுவதில்லையாம்! வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள், பின்னால் ரெயில் சத்தம் கேட்கும், அவளுடைய சிரிப்பு கேட்கும். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். பெற்ற வயிறு குளிரும். உடனே ஒழுங்கைக் கடைசி வீடு நினைவுக்கு வரும்.

கிரான்காரர் வீடு பூட்டிக் கிடந்தது. தகப்பன் மில் வேலையை விட்டுவிட்டாராம், ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லடியில் மாமியைப் பார்க்கப் போவதாக ஒழுங்கையில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, கிளவுஸைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிக் கிரானுக்குப் போனேன். அறுவடை முடிந்த வட்டை. வரம்போரம் ஒரு மரத்தில் வைக்கோல் அடைத்த உரப்பை தொங்கியது. அவள் அதற்கு எறிந்துகொண்டிருந்தாள்.

என்னைக் கண்டு கையை நிறுத்தினாள். "ஆருக்கும் சொல்லாம வந்தீங்களா?"

"ஓம்."

"கிளவுஸ் வந்தது கோயிலுக்குத் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்தது. "அண்டைக்கு நான் மண்டபத்தில..." என்று தொடங்கினேன்.

"விடுங்கக்கா. வெளிச்சம் இரிக்கக்குள்ள குந்துங்க" என்றாள்.

உரப்பைக்குக் கீழே குந்தினேன். இடுப்பு வலித்தது. முதல் பந்து வந்து உள்ளங்கையை எரித்தது. ஐயோ, அந்த எரிச்சல்! கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதையே சாட்டாக வைத்துக்கொண்டேன். பொழுது சாய்கிற வரைக்கும் எறிந்தாள். அவளுடைய தாய் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

போகும் நேரம் அவள் சொன்னாள். "இஞ்ச பெட்டைகள் ஒரு டீம் சேக்கிறாங்க அக்கா. எறிய நான் இரிக்கிறன். கெச்சர்தான் இல்ல. நீங்க இஞ்ச வந்திருங்களேன்."

பகிடியாகத்தான் கேட்டாள். பாதி பகிடி. நானும் பகிடியாக ஒரு பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வந்த சொல் வேறாக இருந்தது.

"வீடு அங்கயெல்லோ புள்ள இரிக்கு."

"ஓம்தானே" என்றாள் அவள். பஸ் வரும்வரை கூட நின்றாள்.

அடுத்த கிழமை கோயில் வளவில் மட்ச். முறை வேறொரு குடிக்கு. பாவம், நல்ல பிள்ளை, பந்தை எப்படிப் பிடிப்பது என்றே அவளுக்கு ஒருவரும் காட்டவில்லை. எறிந்தாள். பந்து என் தலைக்கு மேலால் போய் மடைப்பள்ளிச் சுவரில் பட்டு உருண்டது. வேப்பமரத்துக்குக் கீழே மாமா கை தட்டினார். "கெட்டிக்காரி! நம்மட புள்ளைகளுக்கு ஆர் ஈடு!" என்றார்.

முகக்கூட்டைக் கழற்றினேன். மடைப்பள்ளி வரைக்கும் நடந்து போய்ப் பந்தை எடுத்தேன். அந்தப் பிள்ளையின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்து குந்தினேன்.